பிசிக்ஸ் லேப்ல டெக்னிகல் ஸ்டாஃபா சேரப் போறீங்களா? ஆரம்பத்துல இருந்து சொல்றேன்

பிசிக்ஸ் டிபார்ட்மென்ட்ல ஆராய்ச்சி நடக்குதுன்னா ப்ரொஃபசர், பிஎச்டி ஸ்டூடன்ட், போஸ்ட்டாக் (பிஎச்டி முடிச்சுட்டு கொஞ்ச வருஷம் ஆராய்ச்சி பண்றவங்க) இவங்களைத்தான் வெளியில இருக்கவங்களுக்குத் தெரியும். ஆனா வேக்கும் பம்ப் (காத்தை எடுத்து வெற்றிடம் உண்டாக்குற மிஷின்) நடுராத்திரி நின்னு போனா யாருக்கு போன் வரும், ஸ்டூடன்ட் பேப்பர்ல கிறுக்கிட்டு வர்ற படத்தை யாரு நிஜமான உலோகத் துண்டா செஞ்சு கையில குடுப்பாங்க, பத்து வருஷம் முன்னாடி வாங்கின பவர் சப்ளைல எந்த நாப் சரியா வேலை செய்யாதுன்னு யாருக்கு ஞாபகம் இருக்கும்? டெக்னிகல் ஸ்டாஃபுக்குத்தான். நான் இந்த வேலைல இருபது வருஷத்துக்கு மேல இருக்கேன். புதுசா வர்றவங்க கேக்குற கேள்வி பெரும்பாலும் ஒண்ணுதான், அதனால எல்லாத்தையும் வரிசையா ஒரே இடத்துல எழுதிடுறேன்.

ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு. ஸ்டூடன்ட் நாலஞ்சு வருஷத்துல பட்டம் வாங்கிட்டுப் போயிடுவாங்க, போஸ்ட்டாக் ரெண்டு மூணு வருஷத்துல கிளம்பிடுவாங்க, ப்ரொஃபசர் பாதி நேரம் ப்ராஜெக்ட் பணத்துக்கு எழுதிட்டு இருப்பாரு. லேப்ல தங்குறது மிஷினும் நீங்களும்தான். அதனால அந்த லேப்போட ஞாபகம் முழுக்க உங்ககிட்டதான் வந்து சேரும். கீழ நான் சொல்றது பம்ப் பத்தியா இருந்தாலும் சம்பளம் பத்தியா இருந்தாலும் கடைசில இங்கதான் வந்து நிக்கும்.

1. இது என்ன வேலைன்னு தெரிஞ்சுக்கோங்க

இதுக்கு ஒரே பேரு கிடையாது. லேப் டெக்னீஷியன், டெக்னிகல் ஆபீசர், ரிசர்ச் இன்ஜினியர், லேப் மேனேஜர்னு இடத்துக்கு இடம் மாறும். வேலையும் பல வகை. ஒர்க்‌ஷாப்ல லேத், மில்லிங் பாக்குறவங்க, எலக்ட்ரானிக்ஸ் போர்டு செய்றவங்க, லிக்விட் ஹீலியம் கையாளுறவங்க, லேசர் டேபிள் பாத்துக்குறவங்க, க்ளீன்ரூம் ஆளுங்க, டேட்டா எடுக்குற ப்ரோக்ராம் எழுதுறவங்க, இளங்கலை பசங்களோட ப்ராக்டிகல் லேபை நடத்துறவங்க. பெரிய டிபார்ட்மென்ட்ல ஒவ்வொண்ணுக்கும் ஒருத்தர் இருப்பாங்க, சின்ன இடத்துல இந்த மொத்தமும் ஒரே ஆள் தலையில.

இது நேத்து வந்த வேலை இல்ல. ஜே. ஜே. தாம்சன் 1897-ல எலக்ட்ரானைக் கண்டுபிடிச்சதா படிக்கிறோமே, அந்த கேத்தோடு கதிர்க் குழாய்களை எல்லாம் கண்ணாடி ஊதி செஞ்சு குடுத்தவர் எபினேசர் எவரெட்னு அவரோட அசிஸ்டென்ட். தாம்சனுக்கு கருவியைத் தொட்டு செய்யுற வேலை சரியா வராது, எவரெட் கைதான் அந்த லேபோட கை. அதே மாதிரி நெதர்லாந்துல லைடன்ல கமர்லிங் ஓனஸ்ன்ற விஞ்ஞானி 1908 ஜூலை 10 அன்னிக்கு உலகத்துலயே முதல் தடவையா ஹீலியத்தை திரவமாக்கினப்போ அந்த மிஷினைக் கட்டி ஓட்டுனதுல தலைமை டெக்னீஷியன் ஃப்ளிம்முக்கு பெரிய பங்கு உண்டு. ஓனஸ் இதை ரொம்ப நல்லா புரிஞ்சவர், கருவி செய்றவங்களுக்குன்னே 1901-ல ஒரு பள்ளிக்கூட அமைப்பையே ஆரம்பிச்சவர். ஆள் தயாரா இல்லாம மிஷின் தயாராகாதுன்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கு.

ஒண்ணு மட்டும் உங்களையே நேர்மையா கேட்டுக்கோங்க. "சயின்டிஸ்ட் ஆக முடியல, அதனால இது" அப்படின்ற மனசோட வந்தீங்கன்னா தினமும் வலிக்கும். கேள்வியை யாரு வேணா கேக்கட்டும், அந்தக் கேள்விக்கு பதில் சொல்ற மிஷினை நான் ஓட வைப்பேன்னு அதுல சந்தோஷப்படுற ஆளா இருந்தா இதைவிட நல்ல வேலை எனக்குத் தெரிஞ்சு இல்ல.

2. எந்த வழியா உள்ள வர்றது

பிஎச்டி கட்டாயம் இல்ல. மெக்கானிக்கல், எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடிச்சு வந்து துறையோட தூணா இருக்கறவங்களைப் பாத்திருக்கேன், பிசிக்ஸ் டிகிரியோட வந்தவங்களையும், பிஎச்டி முடிச்சுட்டு "எனக்கு பேப்பர் எழுதுறதைவிட கருவி கட்டத்தான் புடிக்குது"ன்னு இந்தப் பக்கம் திரும்பினவங்களையும் பாத்திருக்கேன். ஆனா ஒண்ணு, சில இடங்கள்ல மேல் கிரேடுக்குப் போக டிகிரி கேப்பாங்க, அதை சேரும்போதே விசாரிச்சுக்கோங்க, பத்து வருஷம் கழிச்சு தெரிஞ்சா கஷ்டமா இருக்கும்.

சர்டிஃபிகேட்டைவிட நான் பாக்குறது நீங்க எதையாவது கையால செஞ்சிருக்கீங்களான்றதைத்தான். வீட்டுல ஒரு சின்ன பவர் சப்ளை, பழைய ஆசிலாஸ்கோப்பை ரிப்பேர் பண்ணது, டெம்பரேச்சர் சென்சர் வச்சு பைத்தான்ல லாக் எடுத்தது, எதா இருந்தாலும் சரி. போட்டோ எடுத்து வைங்க, எங்க தப்பு நடந்துச்சு, எப்படி சரி பண்ணீங்கன்னு ரெண்டு பக்கம் எழுதி வைங்க. இன்டர்வ்யூல அந்த ரெண்டு பக்கம் மார்க் ஷீட்டை விட அதிகமா பேசும்.

இன்டர்வ்யூல கண்டிப்பா வர்ற மாதிரி கேள்வி ஒண்ணு சொல்றேன்: "சேம்பர்ல பிரஷர் இறங்கவே மாட்டேங்குது, என்ன பண்ணுவீங்க?" சேம்பர்னா பம்ப் வச்சு காத்தை எடுக்குற பாத்திரம். அந்தக் கேள்விக்கு ஒரே வார்த்தைல பதில் சொல்ற ஆளை யாரும் தேடல. நீங்க எந்த வரிசைல யோசிக்கிறீங்கன்னு பாக்குறாங்க. கேஜ் (பிரஷர் மீட்டர்) சரியா காட்டுதா, பம்ப் தன்னளவுல நல்லா இருக்கா, வால்வ் எல்லாம் சரியான நிலைல இருக்கா, கடைசியா யாரு சேம்பரைத் திறந்தாங்க, திறந்தப்போ எதை மாத்துனாங்க... இப்படிப் போனா போதும். தெரியாததை தெரியலன்னு சொல்லிட்டு "இப்படி கண்டுபிடிப்பேன்"னு சொல்றவங்களுக்குத்தான் நான் எப்பவும் கை தூக்கியிருக்கேன்.

நீங்களும் கேள்வி கேளுங்க. முக்கியமா, சம்பளம் எங்க இருந்து வருது? டிபார்ட்மென்ட்டோட நிரந்தர பட்ஜெட்ல இருந்தா, இல்ல ஒரு ப்ரொஃபசரோட ப்ராஜெக்ட் பணத்துல இருந்தா? ப்ராஜெக்ட் பணம்னா அது முடியுற தேதிதான் உங்க வேலையும் முடியுற தேதி. அது மோசம்னு சொல்லல, நானே அப்படித்தான் ஆரம்பிச்சேன், ஆனா தேதி தெரிஞ்சு கையெழுத்து போடுங்க. இன்னொன்னு, நீங்க யாருக்கு ரிப்போர்ட் பண்ணணும், ஒரே குரூப்புக்கா, மொத்த டிபார்ட்மென்ட்டுக்கா? அஞ்சு ப்ரொஃபசருக்கு ஒரு டெக்னீஷியன்னா, ரெண்டு பேரு ஒரே நாள்ல அவசரம்னு வந்தா யாரு முடிவு பண்றதுன்றதை சேர்றதுக்கு முன்னாடியே கேட்டு வச்சுக்கோங்க.

3. முதல் மாசம்: கையைக் கட்டிக்கிட்டு கண்ணைத் திறந்து வைங்க

சேர்ந்த அன்னிக்கே எதையாவது சரி பண்ணி பேர் வாங்கணும்னு எல்லாருக்கும் தோணும். வேண்டாம். அசிங்கமா தொங்குற ஒரு ஒயர், டேப் சுத்தின ஒரு கனெக்டர், பாதி மூடின ஒரு வால்வ், இதெல்லாம் யாரோ ஒருத்தர் காரணத்தோட பண்ணதா இருக்கலாம். முதல்ல காரணத்தைக் கேளுங்க, யாருக்கும் தெரியலன்னா அதையும் நோட்ல எழுதுங்க.

முதல் வாரத்துல ஒரு வரைபடம் போடுங்க. கரன்ட் எங்க கட் பண்றது, கேஸ் சிலிண்டர் மெயின் வால்வ் எது, கூலிங் தண்ணி எந்தப் பக்கம் போய் எந்தப் பக்கம் வருது, எமர்ஜென்சி பட்டன் எங்க, எது கரன்ட் போனா தானா திரும்ப ஓடும், எது ஓடாது. இந்தக் கடைசி விஷயம் ரொம்ப முக்கியம், பல லேப்ல கரன்ட் போய் வந்த அன்னிக்குத்தான் எல்லாருக்கும் அந்தக் கேள்வியே வரும்.

பாதுகாப்பு பத்தி ட்ரெய்னிங் குடுப்பாங்க, அதை கையெழுத்துக்காக மட்டும் உக்காராதீங்க. பிசிக்ஸ் லேப்ல ஆளைக் கொல்ற விஷயங்கள் பெரும்பாலும் சத்தமில்லாம இருக்கும். லிக்விட் நைட்ரஜன் 77 கெல்வின், கை பட்டா புண்ணாகும்னு எல்லாருக்கும் தெரியும், ஆனா அதைவிட ஆபத்து என்னன்னா ஒரு லிட்டர் திரவம் ஆவியானா கிட்டத்தட்ட 700 லிட்டர் வாயு ஆகுது, சின்ன ரூம்ல அது ஆக்ஸிஜனைத் தள்ளி வெளிய அனுப்பிடும், மூச்சுத் திணறுற மாதிரி உணர்வுகூட வராம ஆள் சாய்ஞ்சிடுவாங்க. அதனாலதான் டியூவர் (லிக்விட் நைட்ரஜன் வைக்கிற ஃப்ளாஸ்க் மாதிரி பாத்திரம்) கூட நாம லிஃப்ட்ல போகக் கூடாது, டியூவரை தனியா அனுப்பிட்டு நாம படிக்கட்டுல போகணும், நடுவுல யாரும் ஏறாத மாதிரி பாத்துக்கணும். ஆக்ஸிஜன் அலாரம் அடிச்சு உள்ள ஒருத்தர் விழுந்து கிடந்தா ஓடிப் போய் தூக்காதீங்க, ரெண்டாவது ஆளும் விழுந்துடுவாங்க, உதவி கூப்பிடுங்க, காத்தோட்டம் வந்த பிறகுதான் உள்ள போகணும், இல்லன்னா மூச்சுக் கருவியோட வர்ற ஆளுங்கதான் போகணும். டியூவர் வாயை இறுக்கி மூடிடாதீங்க, வாய்ல ஈரக் காத்து உறைஞ்சு ஐஸ் அடைச்சுக்காம பாத்துக்கோங்க, உள்ள அழுத்தம் ஏறி வெடிச்ச கதைகள் உண்டு.

லேசர்ல மோதிரம், வாட்ச் கழட்டிட்டுத்தான் டேபிள்கிட்ட போகணும். 800 நானோமீட்டர், 1064 நானோமீட்டர் மாதிரி இன்ஃப்ராரெட் கதிர் எவ்வளவு பலமா இருக்குன்னு கண்ணுக்குத் தெரியாது, கீழ விழுந்த ஸ்க்ரூவை எடுக்கக் குனிஞ்சு நிமிரும்போது கண்ணு சரியா பீம் உயரத்துக்கு வரும், அப்போ கண்ணை மூடிட்டு நிமிருங்க. கண்ணாடி போடுறப்போ அந்த அலைநீளத்துக்கான கண்ணாடியான்னு அதுல அச்சடிச்சிருக்குறதைப் படிங்க. ஹை வோல்டேஜ்ல சுவிட்சை ஆஃப் பண்ணாலும் கெப்பாசிட்டர் சார்ஜ் பிடிச்சு வச்சிருக்கும், எர்த் ராடு வச்சு டிஸ்சார்ஜ் பண்ணாம கை வைக்காதீங்க. லேத்ல க்ளவுஸ் போடாதீங்க, அது கையோட சேத்து இழுத்துடும், சக் கீயை (துண்டைப் பிடிக்குற சக்கை இறுக்குற சாவி) சக்குலயே விட்டுட்டு மோட்டாரை ஆன் பண்ணாதீங்க. ராத்திரி தனியா இதுல எதையும் செய்யாதீங்க. ஸ்டூடன்ட் செய்றதைப் பாத்தா நிறுத்துற உரிமை உங்களுக்கு உண்டு, ப்ரொஃபசரா இருந்தாலும் நிறுத்தணும். நான் ஒரு தடவை நிறுத்தினேன், அவர் ரெண்டு நாள் என்கிட்ட பேசல, மூணாவது நாள் வந்து நன்றி சொன்னாரு.

4. ஒரு விஷயத்தை ஆழமா கத்துக்கோங்க, என் சிபாரிசு வேக்கும்

எல்லாத்தையும் மேலோட்டமா தெரிஞ்சு வைக்கிறதோட ஏதோ ஒண்ணுல "இவங்ககிட்ட கேளு"ன்னு சொல்ற அளவுக்குப் போங்க. எலக்ட்ரானிக்ஸ், க்ரையோ, சாஃப்ட்வேர் எதுவா வேணா இருக்கலாம். நான் வேக்கும் சொல்றேன் ஏன்னா சர்ஃபேஸ் சயின்ஸ், அணுப் பொறி, எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப், ஆக்ஸிலரேட்டர், டைல்யூஷன் ஃப்ரிட்ஜ் எங்க போனாலும் அது கூடவே வரும்.

அடிப்படை இதுதான். ரஃபிங் பம்ப் முதல்ல காத்தை எடுக்கும், அப்புறம் டர்போ பம்ப், அதோட இறக்கைகள் நிமிஷத்துக்கு பல்லாயிரம் சுத்து சுத்தும், அதனால ஓடுறப்போ அதை அசைக்கவோ திடீர்னு காத்து விடவோ கூடாது. கொஞ்ச நேரத்துல காத்து போயிடும், அதுக்கப்புறம் பிரஷர் இறங்காம நிக்கிறதுக்கு பெரும்பாலும் காரணம் சுவத்துல ஒட்டியிருக்குற தண்ணி. அதனாலதான் அல்ட்ரா ஹை வேக்கும் சேம்பரை ஹீட்டிங் டேப் சுத்தி, மேல அலுமினியம் ஃபாயில் போத்தி, 150 டிகிரி மாதிரி சூட்டுல நாள் கணக்குல சூடாக்கி வைக்கிறோம், இதுக்குத்தான் பேக் பண்றதுன்னு பேரு. ஆறினதும் 10-ன் மைனஸ் 10 அடுக்கு மில்லிபாருக்கு வந்து நிக்கும்போது இருக்குற சந்தோஷம் இருக்கே, இத்தனை வருஷம் ஆகியும் அந்த எண்ணைப் பாக்க நான் லீவு நாள்ல கூட வந்து நிப்பேன்.

உள்ள போற எதையும் வெறுங்கையால தொடாதீங்க, ஒரு விரல் ரேகை போதும் வாரக்கணக்குல வாயு விட்டுட்டே இருக்கும். பித்தளை போடாதீங்க, அதுல இருக்குற துத்தநாகம் சூடானா ஆவியாகி எல்லா இடத்துலயும் படியும். காட்மியம் பூசின ஸ்க்ரூவும் அதே கதை. காப்பர் கேஸ்கெட் (மூட்டுல காத்து புகாம நடுவுல வைக்கிற வளையம்) ஒரு தடவைக்குத்தான், மிச்சம் பிடிக்கிறேன்னு திரும்பப் போட்டு ரெண்டு நாள் லீக் தேடினவங்க நிறைய. ஃப்ளாஞ்ச்ல (ரெண்டு பாகத்தை போல்ட் போட்டு சேக்குற விளிம்பு) இருக்குற கத்தி முனையில கீறல் விழாம கவர் போட்டு வைங்க. போல்ட்டை எதிரெதிரா, கொஞ்சம் கொஞ்சமா, பல சுத்துல இறுக்குங்க, ஒரு பக்கமா முழுசா இறுக்கினா கேஸ்கெட் கோணிக்கும். ஸ்டீல் போல்ட் பேக் பண்ணா ஒண்ணோட ஒண்ணு பிடிச்சுக்கும், அதனால வெள்ளி பூசினதோ, பிடிக்காம இருக்க பேஸ்ட் தடவினதோ போடுங்க.

லீக் தேடுறதுன்னா சேம்பருக்கு வெளிய ஹீலியம் அடிச்சு, அது உள்ள வருதான்னு டிடெக்டர்ல பாக்குறது. அப்போ ஹீலியத்தை மேல இருந்து கீழ கொண்டு வாங்க. ஹீலியம் லேசு, மேல ஏறும், கீழ இருந்து ஆரம்பிச்சா மேல இருக்குற ஓட்டைல போய் நீங்க தப்பான ஃப்ளாஞ்சை சந்தேகப்படுவீங்க. ரொம்ப மெதுவா விடுங்க, தண்ணிக்குள்ள விட்டா ஒவ்வொரு குமிழா வர்ற அளவு போதும். ரெசிடியுவல் கேஸ் அனலைசர் (சேம்பர்ல மிச்சம் இருக்குற வாயு எதுன்னு அதோட நிறை எண்ணை வச்சு காட்டுற கருவி) இருந்தா அதைப் படிக்கக் கத்துக்கோங்க: நிறை எண் 18-ல பெருசா இருந்தா தண்ணி, 28-ம் 32-ம் ஏறக்குறைய நாலுக்கு ஒண்ணுன்னு இருந்து 40-ல ஆர்கானும் எட்டிப் பாத்தா வெளிக்காத்து உள்ள வருது, 28 மட்டும் இருந்து 32 இல்லன்னா அது பெரும்பாலும் கார்பன் மோனாக்ஸைடு, ஓட்டை இல்ல.

எனக்கு மறக்காத ஒண்ணு சொல்றேன். ஒரு சேம்பர்ல பிரஷர் ஒரு அளவுக்கு மேல இறங்கவே இல்ல, ஹீலியம் அடிச்சா லீக் டிடெக்டர் அசையல. ரெண்டு வாரம். கடைசில பாத்தா உள்ள ஒரு சாம்பிள் ஹோல்டரை மாட்டுன ஸ்க்ரூ, அடி மூடின ஓட்டைல இறங்கியிருக்கு, ஸ்க்ரூவுக்குக் கீழ மாட்டிக்கிட்ட காத்து மரை வழியா துளித் துளியா வெளிய வந்துட்டே இருந்துச்சு. வெளிய இருந்து எவ்வளவு ஹீலியம் அடிச்சாலும் தெரியாது, ஏன்னா ஓட்டை உள்ளதான் இருக்கு. நடுவுல துளை போட்ட ஸ்க்ரூ மாத்தினதும் சரியாச்சு. அந்த ஹோல்டரை மாட்டினது நான்தான், அந்தத் தேதியை எழுதி வச்சிருந்ததால மட்டும்தான் "அன்னிக்கு என்ன மாத்தினோம்"னு திரும்பிப் போய் பாக்க முடிஞ்சுது.

5. பிரச்சனை தேடுற பழக்கம்

ஒரு நேரத்துல ஒண்ணை மட்டும் மாத்துங்க. அவசரத்துல மூணை மாத்தி சரியாயிடுச்சுன்னா எதனால சரியாச்சுன்னு தெரியாது, அடுத்த மாசம் திரும்ப வரும்.

கேபிளையும் கனெக்டரையும் முதல்ல சந்தேகப்படுங்க, கடைசியா இல்ல. 2011 செப்டம்பர்ல ஓபெரான்ற ஆராய்ச்சிக் குழு, ஜெனிவா பக்கத்துல இருக்குற செர்ன் ஆய்வுக்கூடத்துல இருந்து சுமார் 730 கிலோமீட்டர் தள்ளி இத்தாலியில இருக்குற கிரான் சாஸோ ஆய்வுக்கூடத்துக்குப் போன நியூட்ரினோன்ற துகள் ஒளியைவிட 60 நானோசெகண்ட் முன்னாடி வந்துடுச்சுன்னு அறிவிச்சாங்க, உலகமே ஐன்ஸ்டீன் தப்பான்னு பேசுச்சு. அடுத்த வருஷம் தெரிஞ்ச முக்கியக் காரணம், ஜிபிஎஸ் நேரத்தைக் கொண்டு வர்ற ஆப்டிகல் ஃபைபர் கனெக்டர் முழுசா இறுகலை. கடிகாரத்துலயும் ஒரு சின்னப் பிழை இருந்துச்சு, அது எதிர்ப்பக்கம் இழுத்துச்சு. அந்தக் குழுவே தேடிக் கண்டுபிடிச்சு வெளிப்படையா சொன்னாங்க, அதுக்கு நான் ரொம்ப மரியாதை குடுக்குறேன். சாதாரண கோஆக்சியல் கேபிள்ல சிக்னல் ஒரு மீட்டர் போக கிட்டத்தட்ட 5 நானோசெகண்ட் ஆகும், அப்போ 60 நானோசெகண்டுன்றது பன்னெண்டு மீட்டர் கேபிள், நம்ம லேப் மூலைல சுத்தி வச்சிருக்குறது. இப்படி கணக்குப் போட்டுப் பாக்குற பழக்கம் வந்துட்டா எந்த டிலேயையும் சும்மா விட மாட்டீங்க.

இணைப்பு கெட்டா என்ன ஆகும்னு இன்னொரு உதாரணம். 2008 செப்டம்பர் 10 அன்னிக்கு செர்னோட பெரிய ஆக்ஸிலரேட்டரான (துகள்களை வேகப்படுத்துற மிஷின்) எல்எச்சில முதல் பீம் சுத்துச்சு, 19-ஆம் தேதி ரெண்டு காந்தத்துக்கு நடுவுல இருந்த ஒரு கரன்ட் இணைப்புல தடை அதிகமாகி ஆர்க் வந்து டன் கணக்குல ஹீலியம் வெளிய போய் காந்தங்களே இடம் பெயர்ந்துச்சு, திரும்ப பீம் வர 2009 நவம்பர் ஆச்சு. 2001 நவம்பர் 12-ல ஜப்பான்ல சூப்பர் காமியோகாண்டேன்ற நியூட்ரினோ டிடெக்டர்ல தண்ணி திரும்ப நிரப்புறப்போ ஒரு ஃபோட்டோமல்டிப்ளையர் குழாய் (மங்கலான ஒளியைப் பிடிக்குற கண்ணாடிக் குழாய்) உள்வாங்கி உடைஞ்சு, அந்த அதிர்ச்சி அலைல பக்கத்துக் குழாய், அதுக்குப் பக்கத்துக் குழாய்னு 6,000-க்கு மேல போச்சு. அதுக்கப்புறம் ஒவ்வொரு குழாய்க்கும் கவசம் போட்டாங்க. ஒரு பொருள் உடைஞ்சா பக்கத்துல இருக்குறதுக்கு என்ன ஆகும்ன்ற கேள்வியை நான் எந்த டிசைன் ரிவ்யூ வந்தாலும் இந்தக் குழாய்களை நினைச்சுதான் கேக்குறேன்.

இன்னும் சின்னச் சின்னது: ஸ்கோப்ல 50 இல்ல 60 ஹெர்ட்ஸ்ல ஆடுதுன்னா கிரவுண்ட் லூப் (எர்த் ரெண்டு வழியா இணைஞ்சு உண்டாகுற வளையம்) இருக்கான்னு பாருங்க. பல்ஸ் உயரம் ரெண்டு மடங்கா காட்டுதுன்னா கேபிள் முனைல 50 ஓம் டெர்மினேஷன் (முனைல மாட்டுற தடை) போட்டீங்களான்னு பாருங்க. சரி இல்லாத கேபிளை திரும்ப டிராயர்ல போடாதீங்க, வெட்டிப் போடுங்க, இல்லன்னா அடுத்த வாரம் இன்னொருத்தர் நாள் முழுக்க அதோட அல்லாடுவாங்க. பழைய ஆப்பரேட்டிங் சிஸ்டத்துல ஓடுற கம்ப்யூட்டர் ஒண்ணு எல்லா லேப்லயும் ஏதோ ஒரு கருவியைப் பிடிச்சுட்டு இருக்கும், அதோட ஹார்ட் டிஸ்க்கை இந்த வாரமே முழுசா காப்பி எடுத்து வைங்க, அது போனா கருவியே போச்சு.

6. ஆளுங்களோட வேலை செய்றது

ஸ்டூடன்ட் கேட் (CAD, கம்ப்யூட்டர்ல வரையுற சாஃப்ட்வேர்) வச்சு ஒரு படம் வரைஞ்சு எடுத்துட்டு வருவாங்க. எல்லா அளவுக்கும் 0.01 மில்லிமீட்டர் டாலரன்ஸ் (அளவுல விடுற பிழை), உள்பக்க மூலை எல்லாம் கூர்மையா சதுரமா இருக்கும், மில்லிங் கட்டர் வட்டமா இருக்குன்னு அவங்களுக்கு யாரும் சொல்லல. இந்த இடத்துல திருப்பி அனுப்பாதீங்க, உக்கார வச்சு கேளுங்க: "இதுல எந்த அளவு உனக்கு நிஜமாவே முக்கியம், இந்தத் துண்டு என்ன செய்யணும்?" பத்துல எட்டு தடவை ரெண்டு அளவுதான் முக்கியமா இருக்கும், மிச்சத்தை லூசா விட்டா பாதி நேரத்துல முடிஞ்சிடும். அப்புறம் அவங்களையே மிஷின் பக்கத்துல நிக்க வைங்க. அந்த ஸ்டூடன்ட் அடுத்து வரையுற படம் வேற மாதிரி இருக்கும், நாளைக்கு அவங்க ஒரு லேபை நடத்தினா அங்க இருக்குற டெக்னீஷியனை வேற மாதிரி நடத்துவாங்க.

ப்ரொஃபசர் "நாளைக்கு வேணும்"னு சொன்னா மூணு விஷயத்தைச் சொல்லுங்க: எவ்வளவு நாள் ஆகும், எதைத் தள்ளி வச்சா சீக்கிரம் ஆகும், எது நடக்கவே நடக்காது. முடியும்னு சொல்லிட்டு முடியாம போறதைவிட முதல்லயே முடியாதுன்னு சொன்னா மனஸ்தாபம் ஒரு நாளோட போகும். ப்ராஜெக்ட் ப்ரபோசல் எழுதுறப்போவே உங்களைக் கூப்பிடச் சொல்லுங்க. பம்ப் வாங்க பணம் எழுதி, அதுக்கு சர்வீஸ் பண்ணவும், ஃபில்டர் மாத்தவும், ஹீலியத்துக்கும் பணம் எழுதாம விட்ட ப்ரபோசல் எத்தனையோ, அதை முன்னாடியே சொல்ல முடிஞ்ச ஒரே ஆள் நீங்கதான்.

7. லாக்புக்

இதைத்தான் ஆரம்பத்துல இருந்து சொல்ல வர்றேன். தேதி, நேரம், என்ன பண்ணீங்க, எந்த எண் எவ்வளவா இருந்துச்சு, ஏன் பண்ணீங்க. அந்த "ஏன்" ரொம்ப முக்கியம். "வால்வ் 3 மூடினேன்"னு எழுதினா அஞ்சு வருஷம் கழிச்சு படிக்கிறவங்களுக்கு அது உதவாது, "வால்வ் 3-ல சீல் தேஞ்சிருக்கு, புது சீல் வர்ற வரைக்கும் மூடி வச்சிருக்கேன்"னு எழுதினா வேற யாராவது ஒருத்தர் காப்பாத்தப்படுவாங்க. மிஷின் நல்லா இருக்குற நாள்லயும் எண்களை எழுதுங்க, ஆரோக்கியமா இருந்தப்போ என்ன காட்டுச்சுன்னு தெரியாம கெட்டுப் போனதைக் கண்டுபிடிக்க முடியாது. தோல்வியையும் எழுதுங்க. வெட்கப்பட்டு மறைச்ச ஒரு தப்பை இன்னொருத்தர் திரும்ப செய்வாங்க.

பேப்பர் நோட்டா, கம்ப்யூட்டரான்னு கேக்குறாங்க. எது மிஷின் பக்கத்துலயே இருக்குமோ, க்ளவுஸ் போட்ட கையோட எழுத முடியுமோ அது. ப்ரோக்ராம்னா வெர்ஷன் கன்ட்ரோல்ல வைங்க. மிஷின் மேலயே லேபிள் ஒட்டுங்க, யாரும் ஃபைல் தேடிப் போக மாட்டாங்க.

8. பேர், பதவி உயர்வு, அடுத்த இடம்

உங்க வேலை இல்லாம அந்த ரிசல்ட் வந்திருக்காதுன்னா பேப்பர்ல உங்க பேர் வரணும். பெரிய குழுக்கள்ல இதுக்கு விதி இருக்கு, 2015-ல எல்எச்சில இருக்குற அட்லஸ், சிஎம்எஸ்ன்ற ரெண்டு குழுவும் சேர்ந்து போட்ட, ஹிக்ஸ் துகளோட நிறையை அளந்த பேப்பர்ல 5,000-க்கு மேல பேர் ஆத்தரா இருந்தாங்க. சின்ன லேப்ல அது ப்ரொஃபசரைப் பொறுத்தது. சொன்ன படத்தை அப்படியே செஞ்சு குடுத்ததுக்கு நன்றி வரி போதும், ஆனா டிசைன் உங்களோட யோசனைன்னா, அளவீட்டு முறையை நீங்க உருவாக்கினீங்கன்னா, ஆத்தரா சேக்கச் சொல்லிக் கேளுங்க. பேப்பர் எழுதி முடிச்சப்புறம் கேக்காதீங்க, வேலை ஆரம்பிக்கும்போதே கேளுங்க, அப்போ யாருக்கும் சங்கடம் இருக்காது. எனக்கு முதல் ஏழு வருஷம் கேக்கணும்னே தெரியல, அந்த வருஷங்கள்ல கட்டின ரெண்டு கருவி பத்தி எங்கயும் என் பேர் இல்ல. அது இன்னிக்கும் வலிக்குது, அதனாலதான் உங்களுக்கு சொல்றேன். கருவி பத்தி மட்டுமே பேப்பர் போடுற ஜர்னல்கள் இருக்கு, அங்க நீங்களே முதல் ஆத்தரா எழுதலாம்.

பதவி உயர்வுதான் இந்த வேலைல பலவீனமான இடம். பல இடங்கள்ல மேல இருக்குறவர் ரிட்டயர் ஆனாதான் அந்த நாற்காலி காலியாகும். பிரிட்டன்ல 2017-ல டெக்னீஷியன் கமிட்மென்ட்னு ஒண்ணு ஆரம்பிச்சு, டெக்னீஷியன்களோட பேர் வெளிய தெரியணும், அங்கீகாரம் வேணும், வளர வழி வேணும்னு பல பல்கலைக்கழகங்கள் கையெழுத்து போட்டாங்க, அது மாதிரி இன்னும் நிறைய இடத்துல வரணும்னு நான் மனசார ஆசைப்படுறேன். அதுவரைக்கும் நீங்களே வருஷா வருஷம் ஒரு பக்கம் எழுதி வைங்க: எதைக் கட்டினேன், எத்தனை நாள் மிஷின் நிக்காம ஓடுச்சு, யாருக்கு சொல்லிக் குடுத்தேன், எவ்வளவு செலவு மிச்சமாச்சு. மதிப்பீட்டு நேரத்துல ஞாபகத்துல இருந்து பேசாதீங்க, அந்தப் பக்கத்தை மேஜைல வைங்க.

வெளிய போற வழியும் இருக்கு. ஆக்ஸிலரேட்டர் மையங்கள், சின்க்ரோட்ரான், செமிகண்டக்டர் ஃபேக்டரி, எம்ஆர்ஐ சர்வீஸ், வேக்கும் கம்பெனி, குவான்டம் கம்ப்யூட்டர் கட்டுற கம்பெனிகள் எல்லாமே இந்தக் கை வேலை தெரிஞ்சவங்களைத்தான் தேடுறாங்க. ப்ராஜெக்ட் பணத்துல இருக்கவங்க முடியுற தேதிக்கு ஒரு வருஷம் முன்னாடியே பாக்க ஆரம்பிங்க.

9. கிளம்புற நாள்

வேற இடம் போனாலும் ரிட்டயர் ஆனாலும் ஒரு மாசம் ஒதுக்கி, அடுத்து வர்றவங்களை உங்க பக்கத்துல நிக்க வச்சு, மிஷினை அவங்க கையாலயே முழுசா நிறுத்தி திரும்ப ஆரம்பிக்கச் சொல்லுங்க, நீங்க வாயைத் திறக்காதீங்க. எங்க நின்னு யோசிக்கிறாங்களோ அந்த இடம் உங்க லாக்புக்ல இல்லாத இடம், அன்னிக்கு சாயங்காலமே அதை எழுதிடுங்க. என் ரூம்ல இப்போ ஒரு புது பொண்ணு இதைத்தான் செஞ்சுட்டு இருக்கா, இன்னிக்குக் காலைல கூலிங் தண்ணி வால்வ்கிட்ட வந்து ரெண்டு நிமிஷம் நின்னா. அந்த வால்வ் இடது பக்கம் திருப்பினா மூடும், மத்த எல்லா வால்வுக்கும் நேர் எதிர். எனக்கு அது கைப்பழக்கமா போனதால இத்தனை வருஷத்துல நான் அதை எங்கயும் எழுதவே இல்ல. லேபிள் பிரிண்ட் பண்ணியாச்சு, இப்போ போய் ஒட்டப் போறேன்.